போட்டிக்கு ஆள் குறைந்த மாவட்டம்

நான் டொக்டராகவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால் நடுவில் சிரித்துப் புரையேறக்கூடும். இன்றைக்கு நான் ஒரு பாமசியில் கண்ணாடி அலுமாரிக்குப் பின்னால் நின்று, டொக்டர்மார் எழுதித் தருகிற கோழிக் கிறுக்கலை வாசித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். "மெடிசினுக்கு இவ்வளவு கிட்ட வந்து நிக்கிற ஆள் இந்தப் பகுதியில வேற ஆர் இருக்கினம்?" என்று வீட்டில் கேட்பேன். "ஓம், அலுமாரிக்கு இஞ்சால" என்பாள் மனைவி.

ஆனால் ஒரு காலத்தில் என்னுடைய விண்ணப்பம் நாளுக்கு நாள் பலமாகிக்கொண்டே வந்தது. அதற்கு நான் ஒன்றுமே செய்யவில்லை.

மருத்துவ பீடத்துக்கு மாவட்டத்துக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கியிருப்பார்கள். எங்கள் கிளிநொச்சிக்குக் கிடைத்தது ஒரு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். கொழும்பில் படிக்கிறவன் தன்னோடு போட்டி போடுகிறவனை முகம் தெரியாமல் வெறுத்துக்கொண்டு நிம்மதியாகப் படிக்கலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்களோடு போட்டி போட்டவர்கள் எல்லோரும் ஒரே கிடுகுக் கொட்டிலுக்குள், ஒரே வாங்கில் இருந்தார்கள். அவர்களுடைய சைக்கிளுக்குக் காற்றுப் போனால் நாங்கள்தான் பம்ப் அடித்தோம்.

இந்த ஒதுக்கீட்டை எங்கள் வீட்டில் என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தவர் அம்மா. அந்தப் பெரிய இடப்பெயர்வில் முரசுமோட்டையில் இருந்து சனம் எல்லாம் கிழக்கே ஓடியபோது, அம்மா ட்ரக்டரை மறித்து மேற்கே போகச் சொன்னார்.

"அக்கா, சனமெல்லாம் அங்காலதானே போகுது?" என்றார் ட்ரக்டர்காரர்.

"அங்கால போனா மாவட்டம் மாறிப்போடும், தம்பி. எங்களை ஜெயபுரத்தில இறக்கிவிடும். என்ர பிள்ளை மெடிசின் எடுக்கிறவன்."

ட்ரக்டர்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் ட்ரக்டர் பெட்டிக்குள் இருந்து கோழிக்கூட்டைக் கட்டிப் பிடித்தபடி வெளியே தலையை நீட்டிச் சத்தி எடுத்துக்கொண்டிருந்தேன்.

"இவரோ?" என்றார்.

ஒதுக்கீடு வேண்டுமென்றால் பரீட்சைக்கு முந்திய சில வருடங்கள் அந்த மாவட்டத்துப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்க வேண்டும். ஊரே ஷெல்லுக்குப் பயந்து ஓடியது. அம்மா மாவட்ட எல்லைக்குப் பயந்து ஓடினார்.

இப்படித்தான் ஜெயபுரத்துக்கு வந்து சேர்ந்தோம். அங்கே இருந்தவர்களில் கனபேர் மலையகத்தில் இருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் ஒரு மிளகாய்த் தோட்டக்காரர் இருந்தார். மனைவி இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். மூத்தவளைப் பெரியவ என்றும் இளையவளைச் சின்னவ என்றும் கூப்பிடுவார். பெரியவள் என்னுடைய வகுப்பு. வகுப்பில் முதலாம் ஆள். எல்லோரும் என்னுடைய பகிடிக்குச் சிரித்தபோது சிரிக்காமல் இருந்த ஒரே ஆளும் அவள்தான்.

பகிடிக்கு அங்கே பஞ்சமில்லை. ஆய்வுகூடம் பழைய பள்ளிக்கூடத்தோடு போய்விட்டதால் இரசாயன மாஸ்டர் வெறுங்கையாலேயே பரிசோதனை செய்து காட்டுவார். இடது கையில் இல்லாத குழாயைப் பிடித்து, வலது கையால் இல்லாத குடுவையை ஆட்டுவார்.

"ஊத்துறன்… ஊத்துறன்… பிள்ளையள், இப்ப மெல்லிய ரோஸ் கலர். வந்திட்டுது. எல்லாரும் கண்டனிங்களோ?"

"கண்டனாங்கள் சேர்!"

"சேர், எனக்குக் கொஞ்சம் கூட ஊத்துப்பட்டுப் போச்சு. கடுஞ்சிவப்பு" என்றேன் நான்.

"அப்ப அதை ஊத்திப்போட்டு முதல்ல இருந்து செய்யும்" என்றார் மாஸ்டர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நான் எழும்பி, இல்லாத குடுவையைக் கொட்டிலுக்கு வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்து, கழுவி, துடைத்துக்கொண்டு வந்தேன். வகுப்பு உருண்டு சிரித்தது. அவள் மட்டும் தலை நிமிராமல் விடையை எழுதி முடித்திருந்தாள்.

அந்தச் சிரிப்பின் சத்தம்தான் முதலில் குறைந்தது. நான் என் பகிடிகளின் தரம் இறங்கிவிட்டதாக நினைத்தேன். பிறகுதான் வாங்கில் இடைவெளி விழுந்திருப்பது தெரிந்தது. மாஸ்டர் காலையில் இடாப்பு எடுத்துப் பெயர் கூப்பிடுவார். ஒரு பெயருக்குப் பதில் வராது. நிமிர்ந்து பார்ப்பார். அடுத்த பெயருக்குப் போவார். ஒரு கட்டத்தில் அவர் இடாப்புக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார். கொட்டிலுக்குள் வந்து, வாங்குகளை ஒரு தடவை பார்த்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார்.

அம்மா கூப்பிடுவதை விடவில்லை. பின்னேரம் மிளகாய் காம்பு கிள்ளியபடி கேட்பார்.

"அந்த வாய்க்கால்கரைப் பெடியன் வாறவனோ?"

"இல்லை."

"வவுனியாவுக்குப் போட்டினமோ, இல்லாட்டி…?"

"இல்லாட்டி."

எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். அம்மா ஒரு காம்பைக் கிள்ளி எறிவார். அவன் விலங்கியலில் என்னைவிட எப்போதும் கூட எடுக்கிறவன். அம்மாவுக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேரும் மிளகாயைப் பார்த்துக்கொண்டிருப்போம். இப்படி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் ஒவ்வொருவராக விலக, நான் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டு முன்னுக்கு வந்துகொண்டிருந்தேன்.

என்னை யாரும் கேட்டு வரவில்லை. எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்கியது. அண்ணாவின் படம். முரசுமோட்டையில் இருந்த காலத்திலேயே அவன் இயக்கத்துக்குப் போனான். போய் ஒரு வருடம் கழித்து அந்தப் படம் மட்டும் வீட்டுக்கு வந்தது. படம் தொங்குகிற வீட்டுக்குள் அவர்கள் இன்னொரு பிள்ளையைக் கேட்டு வருவதில்லை. வீட்டுக்கு ஒருவர் என்பதுதான் பேச்சு. என்னுடைய பங்கை அண்ணா கொடுத்திருந்தான். நான் சுகமாக இருந்து தாவரக் கலத்தைக் கீறிக்கொண்டிருந்தேன்.

பரீட்சை கிட்டக் கிட்ட, அடுத்த ஒழுங்கையில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கத் தொடங்கியது. ஜெயபுரத்தில் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோல் வைத்திருந்தவர்கள் யார் என்பது எல்லோருக்கும் தெரியும். வந்தவர் சத்தம் போட்டுக் கதைக்கிறவர் இல்லை. வெள்ளைச் சேட்டு, மெல்லிய குரல். தோட்டக்காரரை "ஐயா" என்று கூப்பிட்டு, மிளகாய்ச் செடிக்கு இலைச்சுருட்டு வந்திருக்கிறதா என்று விசாரித்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "மூத்த மகள் நல்லாப் படிக்கிறா எண்டு கேள்விப்பட்டனான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். அடுத்த கிழமையும் வந்தார். அவர் அவ்வளவு மரியாதையாகக் கதைத்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்கு அம்மா மிளகாய் கிள்ளவில்லை. நான் வழக்கம்போல ஒரு பகிடியை அவிழ்த்து விட்டேன்.

"யோசிக்காதேங்கோ அம்மா. அவளும் இல்லாட்டி மாவட்டத்தில முதலாம் ஆள் நான்தான்."

அம்மா என்னை அடித்தது குறைவு. அன்றைக்கும் அடிக்கவில்லை. ஆனால் கை ஓங்கி, பாதியில் நின்றது.

"அவள் சோதினை எழுதட்டும். எழுதி உன்னை வெல்லட்டும். இப்பிடி வாற இடம் எனக்கு வேண்டாம்" என்றார்.

அடுத்த நாளே போய் அவளைப் புத்தகங்களோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் மேசை இருக்கிறது, இரண்டு பேரும் ஒரே விளக்கில் படித்தால் எண்ணெய் மிச்சம் என்று ஊருக்குச் சொன்னார். உண்மையான காரணம் சுவரில் தொங்கியது. பெடியன் இருக்கிற வீட்டில் ஒரு குமர்ப்பிள்ளையா என்று கதை வரும் முன்னரே அம்மா அதற்கும் வழி கண்டுபிடித்தார்: என்னைத் தலையணையோடு பங்கருக்குள் அனுப்பினார். ஒரு கிபிர் விமானமும் குண்டு போட வராமலே பங்கருக்குள் குடியிருந்த ஆள் வன்னியில் நானாகத்தான் இருப்பேன்.

பகலில் மேசையின் இரண்டு பக்கமும் இருந்து படித்தோம். ஜாம் போத்தல் விளக்குக்கு எண்ணெய் மிஞ்சினால் இருட்டிய பிறகும் கொஞ்ச நேரம். அவள் எதையும் ஒரு தடவைதான் வாசிப்பாள். நான் ஒரு பக்கத்தை மூன்று தடவை வாசித்து, மூன்று தடவையும் புதிதாக அனுபவிப்பேன். எனக்குத் தெரியாததை அவளிடம் கேட்டால் கோபிக்காமல் சொல்லித் தருவாள். அவளுக்குத் தெரியாதது என்று என்னிடம் இருந்ததெல்லாம் பகிடிதான். அதை அவள் வாங்கவேயில்லை.

"தவளையை வெட்டேக்க நான் ஏன் கண்ணை மூடினனான் தெரியுமோ?"

"பயம்."

"இல்லை. தவளை என்னைப் பாக்குது. நான் பாக்காட்டி அதுக்கு வெக்கமா இருக்காது."

"இதயத்துல எத்தனை அறை?" என்று கேட்பாள் அவள். அவ்வளவுதான் அதற்குக் கிடைக்கிற பதில்.

இடையிடையே அவளுடைய தங்கச்சி, சின்னவ, வந்து போவாள். பதினாறு வயதிருக்கும். அக்காவுக்கு நேர் எதிர், வாய் ஓயாது. வேலிக்கு வெளியே நின்றே, "டாக்டரம்மா, பசிக்குதா?" என்று கூப்பிட்டுப் புட்டுப் பொட்டலத்தைத் தந்துவிட்டு ஓடிவிடுவாள். என்னுடைய பகிடிக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பாள். பகிடிக்காரனுக்கு அப்படி ஒரு ஆள் போதும்.

பரீட்சை தொடங்கியது. மண்டபம் கொஞ்சம் தூரம், காட்டுப் பாதையால் சைக்கிளில் போகவேண்டும். சோளகக் காற்று முகத்துக்கு நேரே அடித்து, போகிற ஆளைப் பின்னுக்குத் தள்ளும். முதல் நாள் மண்டபத்தில் எங்களுக்குப் போட்டிருந்த மேசைகளில் பாதிக்கு ஆள் இல்லை. மேசை மூலையில் ஒட்டியிருந்த சுட்டெண் கடுதாசிகள் காற்றுக்குப் படபடத்தன. மேற்பார்வையாளர் அவற்றின் மேலும் வினாத்தாளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டே போனார். அது விதி.

ஒவ்வொரு நாளும் அவள் மேலதிகத் தாள் கேட்டு எழும்பினாள். ஒவ்வொரு நாளும் நான் தந்த தாளையே எப்படி நிரப்புவது என்று யோசித்தேன்.

கடைசிப் பேப்பருக்கு முதல்நாள் பின்னேரம், அவள் கிணற்றடிக்குப் போயிருந்த நேரம் பார்த்து, அவளுடைய அப்பா வேலியடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அம்மாவைக் கையால் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன்.

"சின்னவ போயிட்டாம்மா" என்றார்.

அம்மா எங்கே என்று கேட்கவில்லை.

"மத்தியானம் வந்தாங்க. பெரியவ எங்கன்னு கேட்டாங்க. பரீட்ச எழுதுறான்னு சொன்னேன். எழுதி முடிக்கட்டும், அப்புறமா வந்து பாக்குறோம்ன்னாங்க. அப்ப இவ உள்ள இருந்து வந்தா. 'அக்கா படிக்கட்டும், நான் வாறேன்'ன்னா. செருப்ப மாட்டிக்கிட்டு ஏறி உக்காந்துட்டா. நான் பேசுறதுக்குள்ள போயிட்டாங்க."

அம்மா வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டார். கிணற்றடியில் வாளி கயிற்றோடு இறங்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு கடைசிப் பரீட்சதானேம்மா? பெரியவகிட்ட சொல்லிடாதீங்க. தெரிஞ்சா எந்திரிச்சு ஓடிருவா. அது எழுதிட்டு வரட்டும். ரெண்டையும் விட்டுட முடியாதும்மா."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்றார் அம்மா. அவர் தலையை ஆட்டிவிட்டு, வந்த வழியே நடந்தார்.

அன்றைக்கு அம்மா அவளுக்கு இரண்டு அகப்பை சோறு கூடப் போட்டார். "போதும்மா" என்று அவள் தடுத்தபோதும் போட்டார்.

விடிந்து சைக்கிளை எடுக்கும்போது அம்மா என்னைப் பின்பக்கம் கூப்பிட்டார்.

"வழியில ஏதும் பகிடி விட்டுக்கொண்டு போ. அவளை யோசிக்க விடாத."

வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் வீட்டில் என்னைப் பகிடி விடச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள். தலைக்குள் ஒன்றுமே இல்லை.

ஒழுங்கை முடக்கில் அவள் சைக்கிளை நிறுத்தினாள்.

"வீட்டுப் பக்கமா போவோமா? இன்னிக்கு கடைசில்ல. சின்னவகிட்ட சொல்லிட்டு போறேன்."

என் வாய் தன்பாட்டில் திறந்தது.

"அந்த ஒழுங்கை முழுக்க நெருஞ்சி முள்ளு. என்ர ரயருக்குள்ள இப்ப ரியூப்பைவிட ஒட்டுத்தான் கூட. இன்னுமொரு ஓட்டை விழுந்தா நீர் என்னைத் தூக்கிக் கரியரில வைச்சுத்தான் மிதிக்கவேணும். வரேக்க போவம்."

அவள் அந்த ஒழுங்கையை ஒரு தடவை பார்த்தாள். பிறகு மிதித்தாள். நானும் மிதித்துக்கொண்டே கதைக்கத் தொடங்கினேன். நிற்பாட்டினால் அவள் ஏதாவது கேட்டுவிடுவாள் என்ற பயத்தில் மூச்சு விடாமல் கதைத்தேன். அம்மாவும் ட்ரக்டர்காரரும் கதைத்தது, மாஸ்டரின் ரோஸ் கலர், பங்கருக்குள் என் தலையணையில் பங்கு கேட்டு வந்த தேரை. அவள் "ம்" கொட்டிக்கொண்டு வந்தாள். காற்று அரைவாசியை அள்ளிக்கொண்டு போனது.

"நான் டொக்டரானா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாத்தனீரோ?" என்றேன். "ரத்தத்தோட ஒருத்தர் வருவார். அவர் மயங்க முன்னம் நான் மயங்கி விழுவன். அவர் பாவம், எழும்பி வந்து எனக்குத் தண்ணி தெளிச்சு, விசிறி, கதிரையில இருத்துவார். அந்த அவதியில அவருக்குத் தன்ர வருத்தம் மறந்துபோம். 'டொக்டர், இப்ப எப்பிடி இருக்கு?' எண்டு கேட்டு, எனக்கு மருந்தும் எழுதித் தந்திட்டுப் போவார்."

அவள் சிரித்தாள்.

முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு சைக்கிள் வளைந்து, அவள் காலை ஊன்றி நிறுத்தி, கைபிடியில் குனிந்து சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. தங்கச்சியின் சிரிப்பு அப்படியே அவளுக்குள்ளும் இருந்திருக்கிறது. இத்தனை நாளும் எனக்குத் தெரியாது.

"இத சின்னவகிட்ட சொல்லணும்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நானும் சிரித்தேன். எப்படிச் சிரித்தேன் என்று எனக்குத் தெரியாது. காட்டுக்குள் எங்கள் இரண்டு பேரின் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருக்க, பாதையில் வேறு ஒரு ஆள்கூட இல்லை.

அன்றைக்கு விலங்கியல். நான் என்ன எழுதினேன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லமுடியாது. அவள் வழக்கம்போல மேலதிகத் தாள் கேட்டாள். கடைசி மணி அடிக்கும்வரை பேனை நிற்கவில்லை. வெளியே வந்தபோது அவளுடைய முகத்தில் வெளிச்சம் இருந்தது. நல்லாச் செய்திருந்தாள்.

மண்டபத்துப் படலையடியில் அவளுடைய அப்பா நின்றார். கோயிலுக்குப் போடுகிற சேட்டைப் போட்டிருந்தார். தோட்டத்து வேலை நேரத்தில் அவரை அந்தச் சேட்டோடு கண்டதும் அவள் நடை நின்றது.

"சின்னவ எங்கப்பா?" என்றாள்.

அவர் அவளுடைய சைக்கிளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குக் காலையிலயே தெரியுமா?"

"ஓம்."

"அம்மாவுக்கு?"

"ஓம்."

பேனையை மூடி பைக்குள் வைத்தாள். அப்பா அவளுடைய சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடக்க, அவள் பின்னால் போனாள். எங்கள் வீட்டில் இருந்த புத்தகங்களை எடுக்க அவள் வரவில்லை. அப்பாதான் உரப்பையோடு வந்து கட்டிக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிள் அதன் பிறகு அந்த ஒழுங்கைக்கு வரவில்லை.

பரீட்சை மறுமொழி வர மாதக்கணக்கானது. அவளுடையது சந்தேகத்துக்கே இடமில்லாத புள்ளி. என்னுடையது எல்லைக் கோட்டில் ஒற்றைக் காலில் நின்றது. யாராவது ஒருவர் விண்ணப்பிக்காமல் விட்டால் உள்ளே, விடாவிட்டால் வெளியே. அம்மா கண் வைத்தியரிடம் காட்டப் போகிறேன் என்று இயக்கத்திடம் வெளியே போகப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போய், விண்ணப்பப் படிவம் இரண்டு வாங்கி வந்தார். ஒன்றை எனக்குத் தந்துவிட்டு மற்றதோடு அடுத்த ஒழுங்கைக்குப் போனார். அவள் வெளியே வரவில்லை. இன்னொரு நாள் போனார். "படிக்கல்லன்னு சொல்றாம்மா" என்றார் அப்பா. அம்மா படிவத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார்.

என்னுடைய படிவத்தை நான் நிரப்பினேன். விதானையார் கையெழுத்து, அதிபர் கையெழுத்து எல்லாம் வாங்கிவிட்டேன். முடிவுத் திகதி நெருங்கியது. அம்மா எனக்கு முன்னால் மிளகாயோடு இருந்து ஒன்றும் கேட்கவில்லை. கேட்பதற்கு அவள் ஒருத்தியின் பெயர்தான் மிச்சம் இருந்தது.

படிவங்களைக் கொண்டு அம்மா திரும்பவும் வவுனியாவுக்குப் போகவிருந்ததற்கு முதல்நாள், அவள் வந்தாள். கையில் அந்தப் படிவம். பாதி நிரப்பியிருந்தது. மெலிந்திருந்தாள். அம்மாவைப் பார்க்காமல் மேசையின் தன் பழைய பக்கத்தில் இருந்து எழுதத் தொடங்கினாள். அம்மா அவளுக்குப் பின்னால் சுவரோடு நின்றார். நான் எதிரே இருந்தேன். வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. வந்திருந்தாலும் விட்டிருக்கமாட்டேன்.

சகோதரர் விபரம் கேட்ட இடத்தில் பேனை நின்றது.

"தங்கச்சிக்கு என்ன வயசுன்னு கேட்டிருக்கு" என்றாள், படிவத்தைப் பார்த்தபடியே. "போனப்ப இருந்த வயசா, இப்ப உள்ளதா?"

என்னுடைய படிவத்தில் அதே இடத்தில், அண்ணாவுக்கு, ஒரு கோடு இருந்தது. அம்மா போடச் சொன்ன கோடு.

"இப்ப உள்ளதைப் போடும், பிள்ளை" என்றார் அம்மா. "அவளுக்கு வயசு போகுதெல்லே."

அவள் விரலை மடித்துக் கணக்குப் பார்த்து, எழுதினாள். பிறகு கீழே கையெழுத்து வைத்தாள்.